அவன் எழுதிக் கொடுத்த மூணு வரி

உட்காருங்க சார். உள்ள ரிசப்ஷன்லயே பேசலாம்னுதான் நினைச்சேன். அங்க உட்காரணும்னா உங்களுக்கு விசிட்டர் பாஸ் போடணும், பாஸ் போட்டா எதுக்கு வந்தீங்கன்னு எழுதணும், எழுதினா அது எங்கெங்கயோ போகும். இந்த ஜூஸ் கடையில கொஞ்சம் வெயில் அடிக்கும், அவ்வளவுதான். ஹெல்மெட்டை அந்த நாற்காலியில வைங்க. சாத்துக்குடி சொல்லட்டுமா? சர்க்கரை போடலாமா உங்களுக்கு? அண்ணே, ரெண்டு சாத்துக்குடி, ஒண்ணுல சர்க்கரை வேணாம்.

மெயில் பார்த்தேன் சார். மூணு தடவை போட்டிருந்தீங்க. பதில் போடக்கூடாதுன்னு இல்ல. இங்க ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வருது, அதுல நூத்தித் தொண்ணூறு யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து சொன்னது. அதுக்கு நடுவுல உங்க மெயில் உள்ள போயிருச்சு. இதுக்காக நீங்க இந்த வெயில்ல வண்டியை எடுத்துக்கிட்டு ஓ.எம்.ஆர் வரைக்கும் வருவீங்கன்னு நான் எதிர்பார்க்கல. வேலைக்குச் சேர்றவங்களைப் பத்தி விசாரிக்கிற ஏஜென்சியில இவ்வளவு பொறுப்பா வேலை பார்க்குறீங்க, பாராட்டணும்.

தணிகாசலம். எங்க கம்பெனியில பதினாலு வருஷம் இருந்தாரா, எப்படி வேலை பார்த்தார், ஏன் போனார், திரும்பி வந்தா எடுத்துக்குவீங்களா. இதுதானே கேக்கறீங்க. கிண்டியில சின்ன கம்பெனி, ஆஸ்பத்திரிக்கெல்லாம் சாஃப்ட்வேர் பண்றாங்க, அங்க அவனுக்கு வேலை ரெடியா இருக்கு. உங்க ரிப்போர்ட் நல்லபடியா போனா திங்கட்கிழமை சேர்ந்துருவான். போகலைன்னா இல்ல. பதினோரு மாசமா வீட்ல இருக்கான்னு சொன்னீங்க. பதினோரு மாசம் ஆயிருச்சா? நாள் ஓடறதே தெரியல.

நான் அவனை அவன் இவன்னு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க நாங்க. நான் சாத்தூர்க்காரன், அவன் திருத்தணி பக்கம். டிரெய்னிங்ல பக்கத்து பக்கத்து சீட்டு. எனக்கு அப்ப இங்கிலீஷ்ல நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராது, இப்பவும் சுமார்தான், அவன்தான் எனக்கு மெயில் எல்லாம் திருத்திக் குடுப்பான். அவங்கப்பா ஸ்கூல் வாத்தியார். அவன் கம்பெனி கார்ல வரும்போதுகூட இங்கிலீஷ் பேப்பரை மடிச்சு வச்சு ஒரு வரி விடாம படிச்சுட்டு வருவான். எங்க டீம்ல யாருக்கு எதை எழுதணும்னாலும் தணிகைதான். லீவ் லெட்டர்ல இருந்து ராஜினாமா வரைக்கும்.

உங்க ஃபாரத்தை அப்புறம் வாங்கிக்கிறேன் சார். முதல்ல நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியணும். இதை எழுதிக்காதீங்க. சும்மா கேட்டுக்குங்க.

வெளிய இருந்து பார்க்குறவங்களுக்கு பெரிய கம்பெனின்னா கண்ணாடிக் கட்டடம், ஏ.சி பஸ், உள்ளயே ஜிம், பிறந்தநாளைக்குக் கேக். லிஃப்ட்ல ஏறினா செவுத்துல நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு எழுதியிருப்பான். குடும்பத்துல வருஷா வருஷம் பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளையை உதவாக்கரைன்னு முத்திரை குத்தணும்னு எந்த அப்பன் சட்டம் போடுவான்? இங்க அதான் சட்டம். ஏ, பி, சி, டின்னு நாலு கிரேடு. பத்துப் பேர் இருக்குற டீம்ல ஒருத்தனுக்கு டி போட்டே ஆகணும். பத்துப் பேரும் உசுரைக் குடுத்து வேலை பார்த்திருந்தாலும் போடணும். போடலைன்னா சிஸ்டம் லிஸ்ட்டை வாங்காது, சிவப்பா ஒரு கட்டம் வந்து நிக்கும். டி போட்டா மட்டும் போதாது, அந்த ஆள்கிட்ட என்ன குறைன்னு மூணு வரி எழுதணும். ரெண்டு வரி எழுதினா அதையும் வாங்காது.

யாருக்கிட்ட போய்ச் சண்டை போடுவீங்க? என் மேலே இருக்குறவரைக் கேட்டா, எனக்கும் மேலே இருந்து வருதுங்குறாரு. அவருக்கு மேலே இருக்குறவர் அமெரிக்காவுல இருக்காரு, அவருக்கும் மேலே இருந்துதான் வருதாம். பதினஞ்சு வருஷமா நானும் அண்ணாந்து பார்க்குறேன், மேலே யாரு இருக்கான்னு இன்னும் தெரியல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

அப்ப நான் மேனேஜர் இல்ல, டீம் லீட். மேனேஜர் வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவாரு, அவருக்கு எங்க பேரே சரியாத் தெரியாது. சௌந்தர், உங்க டீம் லிஸ்ட்டை நீங்களே போட்டு அனுப்பிருங்கன்னுருவாரு. உங்க டீம்னா நானும் அதுல சேர்த்தி. மொத்தம் பதினோரு பேர்.

முதல் தடவை ஜெனிஃபர்னு ஒரு பொண்ணுக்கு டி போட்டேன். ஏன்னா அது பிரசவத்துக்கு ஆறு மாசம் லீவ்ல இருந்துச்சு. எல்லா டீம்லயும் அதான் வழக்கம் சார், நான் புதுசா கண்டுபிடிக்கல. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அது லீவ் முடிஞ்சு வந்துச்சு, கிரேடைப் பார்த்துச்சு, என் சீட்டுக்கு வந்து, "சௌந்தர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் வேலை பார்த்த ஆறு மாசத்துக்கு டியா, புள்ள பெத்த ஆறு மாசத்துக்கு டியா?"ன்னு கேட்டுச்சு. சத்தம் போட்டுக்கூட கேக்கல. நான் சிஸ்டம், கர்வ், பெர்சன்டேஜ்னு என்னென்னவோ சொன்னேன். அது கேட்டுட்டு தலையை ஆட்டிட்டுப் போயிருச்சு.

தணிகை பக்கத்து சீட்டு, எல்லாத்தையும் கேட்டுட்டான். சாயங்காலம் இங்க கூட்டிட்டு வந்தான். இதே டேபிள்தான் சார், அப்ப அந்த கால் ஆடாது. "டேய், அவன் பத்துல ஒண்ணு பலி கேக்கறான். குடுத்துத் தொலைக்கணும்னா முறை வச்சுக் குடுப்போம். எங்கம்மா தெருவுல குலுக்கல் சீட்டு போடுவாங்க, அந்த மாதிரி. ஒரு வருஷம் ஒருத்தன். எடுத்தவன் பேரு எல்லாருக்கும் ஒரு சுத்து வர்ற வரைக்கும் திரும்ப வரக்கூடாது"ன்னான்.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஜனவரி மாசம் ஒரு புதன்கிழமை, மதியம் சாப்பிட்டுட்டு பதினோரு பேரும் இங்க வருவோம். பேரை எழுதி ஒரு பேப்பர் கப்புல போட்டு ஜெனிஃபரை எடுக்கச் சொல்லுவோம், ஏன்னா அதுதான் ஏற்கெனவே வாங்கியாச்சே. என் பேரையும் எழுதிப் போட்டேன் சார். லீட்டுக்கு எதுக்குன்னு டீம்ல இருந்த கோமதிகூட கேட்டா. நானும் உங்கள்ல ஒருத்தன்தாம்மான்னு சொன்னேன். அன்னிக்கு எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை நான் மறக்கல.

டி வந்தவனுக்கு அந்த வருஷம் சம்பளம் ஏறாது. அதுக்குப் பதிலா நாங்களே ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு சனி ஞாயிறு டியூட்டி கிடையாது, பொங்கல் தீபாவளிக்கு அவன்தான் முதல்ல ஊருக்குப் போகணும். அப்புறம் இன்னொண்ணு. குறை மூணு வரியையும் யாருக்கு சீட்டு விழுந்துச்சோ அவங்களே எழுதிக் குடுத்துரணும். அடுத்தவன் குறையை நாம எழுதினா மனசுல தங்கிரும்னு தணிகை சொன்னான். அவங்கவங்க குறையை அவங்கவங்களே எழுதினா சிரிச்சுட்டுப் போயிரலாம்.

நிஜமாவே சிரிச்சோம் சார். முதல் வருஷம் ஷேக்குக்கு விழுந்துச்சு. "மீட்டிங்ல வாயே திறக்கறதில்ல"ன்னு எழுதினான். அவன் வாயை மூடினதை யாரும் பார்த்ததே கிடையாது. ரெண்டாவது வருஷம் தணிகை. மூணாவது வருஷம் கோமதி, அவ எழுதினதைப் பார்த்து ஜூஸ் போடுறவரே சிரிச்சாரு. எல்லாத்தையும் தணிகைதான் இங்கிலீஷ்ல போட்டுக் குடுப்பான், படிச்சா நிஜமாவே ஒரு பெரிய மனுஷன் ரொம்ப யோசிச்சு எழுதின மாதிரி இருக்கும். மேலே இருந்து ஒரு தடவை, உங்க ஃபீட்பேக் ரொம்பத் தரமா இருக்குன்னு எனக்கு பாராட்டு மெயில்கூட வந்துச்சு.

ஜூஸ் குடிங்க சார், ஐஸ் கரையுது.

நாலாவது வருஷம் என் பேரு விழுந்துச்சு.

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். மூணு வருஷமா தப்பிச்சிட்டீங்க, இந்தத் தடவை மாட்டினீங்களான்னு ஷேக் என் தோள்ல தட்டினான். அந்த ஜனவரிதான் சார், எட்டு வருஷமா காத்திருந்து முதல் தடவையா மேனேஜர் பிரமோஷன் லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சு. அது டீம்ல யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் டி வந்தா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்பாங்க. அடுத்த வருஷம்னு ஒண்ணு இங்க கிடையாது. என் மச்சான் என்னைவிட ஆறு வயசு சின்னவன், வேற கம்பெனியில மேனேஜராகி மூணு வருஷமாச்சு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமனார் பந்தியில நாலு பேரு கேக்குற மாதிரி, "மாப்ளை, இன்னும் லீடுதானா?"ம்பாரு. உங்களுக்கு மாமனார் இருக்காரா? இருந்தா புரியும்.

நான் தணிகைகிட்ட கேக்கவே இல்ல சார். இதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சிநேகிதனை சாப்பிடக் கூப்பிடக் கூடாதா? என் வீட்டுக்காரம்மா நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சிருந்தா. சாப்பிடும்போது பேச்சுவாக்குல, லிஸ்ட்ல என் பேரு இருக்குடா, இந்த நேரம் பார்த்து சீட்டு விழுந்திருச்சு, விதின்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வீட்டுக்காரம்மாவும் பக்கத்துல நின்னு, அண்ணே, இவரு நாலு நாளா தூங்கவே இல்லண்ணேன்னா. அது அவளா சொன்னது.

அவன் சாப்பிட்டான். எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவினான். துண்டுல துடைச்சுக்கிட்டே, "சரி விடு, நான் எடுத்துக்கறேன். எனக்கு மேனேஜராகற ஆசையெல்லாம் இல்ல. புள்ளைங்களோட சனி ஞாயிறு வீட்ல இருக்கலாம்"னான். நான் வேண்டாம்டான்னு சொன்னேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னேன். உனக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்திருக்கேடான்னுகூட சொன்னேன். என்ன ஆகப்போகுதுன்னான். டீம்ல சொல்ல வேணாம், குலுக்கலுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்னான். பாயசம் வேணுமான்னு கேட்டா, ரெண்டாவது கிளாஸும் குடிச்சான்.

திங்கட்கிழமை காலையில மூணு வரியும் வாட்ஸாப்ல வந்திருச்சு.

செவ்வாய்க்கிழமை லீட் எல்லாருக்கும் ஒரு போன் மீட்டிங். எங்க பிரிவுக்கே பெரியவர், டெலிவரி ஹெட், பேசினாரு. பேச்சோட பேச்சா, இந்த வருஷம் மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு டி வாங்கினவங்க பேரைத் தனியா கேட்டிருக்காங்க, ஏன்னு தெரியல, கொஞ்சம் பார்த்துப் போடுங்கன்னாரு. இப்ப நினைச்சுப் பார்த்தா என்னென்னவோ தோணும். அன்னிக்கு யாருக்கு சார் தெரியும்? இந்தக் கம்பெனியில எதைத்தான் தனியா கேக்கல? ரத்த குரூப்பைக்கூட மூணு தடவை தனியா கேட்டிருக்கான். வெள்ளிக்கிழமை வரைக்கும் லிஸ்ட் அனுப்ப நேரம் இருந்துச்சு.

புதன்கிழமை மதியம் தணிகையே கேட்டான். இங்கதான், இந்தப் பக்கம் நான், நீங்க உட்கார்ந்திருக்குற இடத்துல அவன். "டேய் சௌந்தர், பத்தாவது மாடியில என்னவோ பேசிக்கிறாங்களே, ஆள் குறைக்கப் போறாங்களாமே, ஏதாச்சும் கேள்விப்பட்டியா?"ன்னான். வருஷா வருஷம் இதைத்தானே பேசறாங்கன்னேன். அது பொய் இல்ல. வருஷா வருஷம் பேசத்தான் செய்றாங்க. அவனும், அதானேன்னு ஜூஸைக் குடிச்சிட்டு எந்திரிச்சான்.

வியாழக்கிழமை சாயங்காலமே லிஸ்ட்டை அனுப்பிட்டேன். கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிக்கிறவன் நான் இல்ல. அவன் எழுதினதை அப்படியே போட்டேன், ஒரு கமாகூட மாத்தல.

மார்ச்ல எனக்கு மேனேஜர் ஆர்டர் வந்துச்சு. ஏப்ரல் மாசம், தமிழ்ப் புத்தாண்டு முடிஞ்ச மறுநாள்னு நினைக்கிறேன், காலண்டர்ல ஒரு மீட்டிங் வந்து விழுந்துச்சு. பதினஞ்சு நிமிஷம், தாமிரபரணி ரூம். எங்க ரூமுக்கெல்லாம் ஆத்துப் பேருதான் வச்சிருக்காங்க. போனா ஹெச்.ஆர்ல இருந்து ஒரு பொண்ணு, தணிகை, நான். மேனேஜர்ங்குறதால நான் அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல உட்காரணும். அவன் எதிர்ல. மேனேஜரான பிறகு நான் உட்கார்ந்த முதல் ஹெச்.ஆர் மீட்டிங் அது.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு சார், மரியாதையாத்தான் பேசுச்சு. ரெண்டு தடவை கிரேடு சரியில்ல, கம்பெனி வருத்தத்தோட பிரியுதுன்னு சொல்லிட்டு, காரணமா அந்த மூணு வரியை லேப்டாப்பைப் பார்த்துப் படிச்சுது. "புதிய முறைகளைக் கற்றுக்கொள்வதில் வேகம் போதாது. தன் வேலையை விட்டுவிட்டு மற்றவர்களுடைய வேலையைச் செய்யப் போய்விடுகிறார்." இங்கிலீஷ்லதான் படிச்சுது, உங்களுக்காக நான் தமிழ்ல சொல்றேன். மூணாவது வரியும் படிச்சுது. அது எனக்கு இப்ப ஞாபகம் இல்ல.

அவன் எழுதினதை அவனுக்கே படிச்சுக் காட்டுறாங்க. அவன் அசையாம உட்கார்ந்து கேட்டான். இதுல உங்களுக்கு ஏதாவது மறுப்பு இருக்கா, இருந்தா பதிவு பண்ணிக்கிறேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அவன் என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பைப் பார்த்துட்டு இருந்தேன், ஒரு மெயில் வந்திருந்துச்சு. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆகும் தெரியுமா? இதெல்லாம் குலுக்கல்னு சொன்னா பதினோரு பேர் வேலையும் போயிரும். ஷேக்குக்கு ரெண்டு தங்கச்சிங்க, கோமதி வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். தணிகை, "இல்லைங்க. சரியாத்தான் எழுதியிருக்கு"ன்னான்.

அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்திருச்சு சார். அடக்கிக்கிட்டேன்.

அங்கேயே கார்டை வாங்கிட்டாங்க, லேப்டாப்பை வாங்கிட்டாங்க. பதினாலு வருஷம் உட்கார்ந்த சீட்டுக்குத் திரும்ப விடமாட்டாங்க, செக்யூரிட்டி கூடவே வந்து கேட்டுல விட்டுட்டுப் போயிருவான். அவன் டிபன் பாக்ஸ் டேபிள்லயே இருந்துச்சு. அன்னிக்கு எலுமிச்சம்பழ சாதம். நான்தான் எடுத்துக் கழுவி என் டிராயர்ல வச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு. நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும்னுதான் இருக்கேன். அவன் வீடு மேடவாக்கம், இங்க இருந்து இருபது நிமிஷம். ஆனா இந்தக் கம்பெனியில மேனேஜருக்கு இருபது நிமிஷம் எங்க கிடைக்குது சொல்லுங்க.

அதுக்கப்புறம் டீமும் மாறிப்போச்சு. முன்ன மாதிரி யாரும் என்கூடச் சாப்பிட வர்றதில்ல. மேனேஜராயிட்டா அப்படித்தான், ஒரு மரியாதைக்குத் தள்ளி நிப்பாங்க. ஜெனிஃபர் மறு மாசமே பேப்பர் போட்டுட்டுப் போயிருச்சு, நல்ல இடமா கிடைச்சிருக்கும். போற அன்னிக்கு எல்லார் சீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டுப் போச்சு, என் சீட்ல அந்த நேரம் நான் இல்லபோல. இருந்தேனோ என்னவோ. டீம் வாட்ஸாப் குரூப்ல இருந்து கோமதி என்னை எடுத்துட்டா. நல்லதாப் போச்சு, நாள் முழுக்க டிங் டிங்னு அடிச்சுக்கிட்டு இருக்கும். குலுக்கலும் நின்னு போச்சு. இந்த ஜனவரியில நான் கேட்டேன், எல்லாரும் அவங்கவங்க ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் நானே போட்டேன். ஷேக்குக்குப் போட்டேன். வேற யாருக்குப் போட முடியும்? அவனுக்கு வந்து நாலு வருஷமாச்சே, ரெண்டு டி கணக்குல வரமாட்டான். எல்லாத்தையும் நான் யோசிச்சுத்தான் செய்றேன்.

இப்படி ஒரு இடம் சார் இது. மனுஷனை மனுஷனா இருக்க விடாது. பதினாலு வருஷம் பழகின ஒருத்தனை இவ்வளவு சுளுவா தூக்கிப் போட்டானுங்களே, அவனுங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குமா? நான் எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். அந்த மேலே இருக்குறவன் மட்டும் என் கையில கிடைச்சா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.

சரி, குடுங்க சார் ஃபாரத்தை.

பேரு, பதவி, எத்தனை வருஷம். இதெல்லாம் சரியா இருக்கு. நேர்மை எப்படின்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. நல்லதுன்னு போட்டுர்றேன், அதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இது என்னது, மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்வீர்களா, ஆம், இல்லை.

இந்த ஃபாரம் யார்கிட்ட போகும் சார்? கிண்டி கம்பெனிக்கு மட்டும்தானா? எங்க ஹெச்.ஆருக்கும் ஒரு காப்பி போகும். போகும்னு எனக்குத் தெரியும், சும்மா கேட்டேன். அதான் பார்த்தீங்களா சிக்கல். சிஸ்டத்துல இல்லைன்னு இருக்கு. நான் ஆம்னு போட்டா, நல்லவன்னா எதுக்குய்யா டி போட்டேன்னு கேப்பான். அங்க இருந்து நூலைப் பிடிச்சுட்டுப் போனா குலுக்கல் வரும், குலுக்கல் வந்தா நாலு வருஷம் வரும். ஷேக், கோமதி எல்லாரையும் நான் காட்டிக் குடுக்குற மாதிரி ஆயிரும். தணிகையே அதைத் தாங்கமாட்டான். அந்த ரூம்ல அவன் வாயைத் திறக்காம இருந்தது எதுக்கு? இவங்களுக்காகத்தானே? அதை நான் இன்னிக்கு வீணடிக்கக் கூடாது.

என்ன சார் பார்க்குறீங்க? ஒரு வரி நல்லவிதமா எழுதினா போதும்னு நீங்க சொல்றீங்க. உங்களுக்குச் சுலபம். உங்களுக்குக் கம்பெனி கிடையாது, வண்டியும் ஃபைலும்தான். எனக்கு நாப்பத்தஞ்சு ஆகப்போகுது. இந்த வயசுல மேனேஜர்ங்கள்லயும் பத்துல ஒருத்தர்னு ஆரம்பிச்சிருக்காங்க. எங்களுக்குள்ள குலுக்கல் எல்லாம் கிடையாது, எவனுக்கு எவன் போடுவான்னே தெரியாது.

அவனுக்கு வேற நல்ல வேலை கிடைக்கும் சார். திறமைசாலி. கிண்டி இல்லைன்னா அம்பத்தூர்.

பேனா குடுங்க. இல்லை, டிக் போட்டாச்சு. காரணம் எழுதணுமா? இங்கயும் மூணு கோடு போட்டு வச்சிருக்கீங்களே. இங்கிலீஷ்ல எழுதணுமா? எனக்கு இது கொஞ்சம் கஷ்டம் சார். இருங்க, ஒரு நிமிஷம். போன்ல இருக்கும், வாட்ஸாப்ல. அழிச்சிருக்க மாட்டேன். கொஞ்சம் மேலே போகணும். பாருங்க, பதினோரு மாசத்துல அவன் எனக்கு ஒண்ணுமே அனுப்பல, அதனால சீக்கிரமே வந்திருச்சு.

புதிய முறைகளைக் கற்றுக்கொள்வதில் வேகம் போதாது. எழுதியாச்சு. தன் வேலையை விட்டுவிட்டு மற்றவர்களுடைய வேலையைச் செய்யப் போய்விடுகிறார். என்ன அழகா எழுதியிருக்கான் பாருங்க, இதைவிட நல்லா என்னால எழுத முடியாது. மூணாவது வரி.

யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

ஆமா, இதான். இதான் மறந்து போச்சுன்னேன்.

இதையும் எழுதணுமா சார்? ரெண்டு வரியோட விட்டா உங்க ஆபீஸ்ல வாங்கமாட்டாங்களா? கோடு காலியா இருக்கக் கூடாதாக்கும். சரி. அவங்களும் ஒரு முறை வச்சிருப்பாங்க.

எழுதிட்டேன். என் பேரு எங்க போடணும், இங்கயா? சௌந்தரபாண்டியன், மேனேஜர். சீல் வேணாமே? நல்லது. ஜூஸுக்கு நான் குடுத்துட்டேன், நீங்க பையில கை விடாதீங்க. ஹெல்மெட்டை எடுத்துக்குங்க, வெயில் இறங்கியிருச்சு.

ஒரு உதவி சார். நீங்க திரும்ப அவனைப் பார்க்க வேண்டியிருக்கும்ல, கையெழுத்துக்கோ எதுக்கோ? பார்த்தா, சௌந்தர் ரொம்ப விசாரிச்சான்னு சொல்லுங்க. டிபன் பாக்ஸ் பத்திரமா இருக்குன்னும் சொல்லுங்க.